உன் மூலையிலிருந்து பார்த்தால்

நைரி,

சிப்பி எடுக்கப் போகும் படகுக்கு நேரமாகிவிட்டது, உன்னை எழுப்பவில்லை. நேற்றைய ஆட்டுக்கறி பிரிட்ஜில் இருக்கிறது. கொட்டகைச் சாவி உன் ரப்பர் பூட்ஸுக்குள்.

ஒன்பது மணிக்குத் தச்சர் பிளெயர் வருவார். நம் கணப்பு அடுப்பு சுவரின் நடுவில் இல்லாமல் இடப்பக்கம் ஒதுங்கிக் கிடக்கிறதே, அதைச் சரிக்கட்ட வலப்பக்கம் வைக்க நான் கேட்ட அலமாரிக்கு அளவெடுக்கத்தான். டீயும் ஸ்கோன் ரொட்டியும் கொடுத்து அனுப்பிவிடு. அலமாரி வேண்டாம்.

"பதினோரு வருஷமா அந்தச் சுவரையே குத்தம் சொல்றியே அலிஸ்டர், ஒரு நாளாவது அது முன்னாடி உக்காந்திருக்கியா?" என்று நேற்று கேட்டாய். நான் கதவை அறைந்துவிட்டுப் போனேன்.

இன்று விடியற்காலையில் விறகு மூட்டிவிட்டு, சாக்ஸ் மாட்டுவதற்காக சோபாவில் உன் மூலையில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் நெருப்பு நேர் எதிரே எரிகிறது. நான் இத்தனை வருஷமும் வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன்.

அலமாரிக்கு அடையாளமாகச் சுவரில் ஒட்டிய நீல நாடாவை உரித்துவிட்டேன். பெயிண்டும் கொஞ்சம் கூடவே வந்துவிட்டது. திட்டாதே.

அலிஸ்டர்

பி.கு.: வலப்பக்கக் காலியிடத்தில் உன் உயரமான விளக்கை வைத்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று: என் நாற்காலியை உன் மூலையோடு ஒட்டிப் போட்டிருக்கிறேன். இடைஞ்சலாக இருந்தால் தள்ளிவிடு. ரொம்ப தூரம் வேண்டாம்.