செவ்வாய்க்கிழமை டிவியில் சேவியர்

அக். 8, வியாழன்

ஷார்ஜாவில் புழுக்கம் இன்னும் குறையவில்லை. யூனிபார்ம் காலையிலேயே முதுகோடு ஒட்டிக்கொண்டது. கிளினிக்கில் கூட்டம். பாதிப் பேருக்குக் காய்ச்சல், மீதிப் பேருக்கு லீவு சீட்டு.

மதியம் பாரிஸிலிருந்து தம்பி மனைவி லூர்து போன். தம்பி சேவியர் தவறிப்போனபிறகு அவளாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"அண்ணி, டிவிக்காரங்க பேசினாங்க. அவரு கலந்துகிட்ட போட்டி செவ்வாய்க்கிழமை வருதாம். போடலாமான்னு கேக்கறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"போடுங்கன்னுட்டேன். தப்பா அண்ணி?"

தப்பில்லை என்றேன். எதிரே ஒரு மலையாளி அம்மா ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாங்க வேண்டியது: சீரகம், பல்பு, இவருக்கு வயிற்று மாத்திரை.

அக். 9, வெள்ளி

லீவு. காலைப் பூசை. துணி துவைத்தேன், மொட்டை மாடிக் கொடியில் இடமில்லை.

எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துவிடும். அது விலை சொல்லும் போட்டி. அமெரிக்காவில் ரொம்ப வருஷமாக நடப்பதாம், பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மொழியில் நடத்துகிறார்கள். ஒரு சாமானைக் காட்டுவார்கள். அசல் விலையைத் தாண்டாமல் யார் கிட்டத்தில் சொல்கிறாரோ அவர் மேடைக்கு. அப்புறம் பெரிய சக்கரம் ஒன்றைச் சுற்ற வேண்டும். சேவியருக்கு அதில் பைத்தியம். விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை அவனுக்கு. வீட்டுக்கு வந்ததும் காலைக்கூடக் கழுவாமல் டிவி முன்னால் உட்கார்வானாம். எழுதிப் போட்டான், கூப்பிட்டார்கள். ஆகஸ்டில் ரெக்கார்டிங். அன்றைக்கே எனக்குப் போன்.

"என்ன ஜெயிச்சேன்னு சொல்லக் கூடாதுக்கா. கையெழுத்து வாங்கிட்டாங்க."

"எங்கிட்ட கூடவாடா?"

"டிவில பாத்துக்க."

செப்டம்பரில் வேலைக்குக் கிளம்பியவன், பஸ் ஸ்டாப்பில் நெஞ்சுவலி. எனக்கு விசா வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கடைசியாக நேரில் பார்த்தது ஆறு வருஷத்துக்கு முன்னால், அவன் கல்யாணத்தில். அதோடு சரி.

இவர் சொல்கிறார்: "பாக்காத ஸ்டெல்லா. பாத்தா தூங்க மாட்ட."

பார்க்காவிட்டால் மட்டும் தூங்குகிறேனா.

அக். 11, ஞாயிறு

எங்கள் டிவியில் அந்தச் சேனல் வராது. ரோலா கடைத்தெருவில் டிஷ் கடைக்காரரிடம் கேட்டேன். "ஃபிரெஞ்ச் மாஃபி, இல்ல சிஸ்டர். தமிழ் இருக்கு, மலையாளம் இருக்கு."

லேபில் வேலை பார்க்கும் சல்மாவிடம் சொன்னேன். துனீசியாக்காரி. இத்தனை நாளும் ரத்த சாம்பிளைக் கொடுப்பது, ரிப்போர்ட்டை வாங்குவது, அவ்வளவுதான் பழக்கம். முழுதும் கேட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றினாள். அவள் வீட்டில் பிரெஞ்சு சேனல் எல்லாம் வருமாம். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வா, கூடவே உட்கார்ந்து இங்கிலீஷில் சொல்கிறேன் என்றாள். பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அக். 12, திங்கள்

ஏசி சொட்டுகிறது. கீழே வாளி. நாளைக்கு டூட்டியை மாற்றித்தரக் கேட்டேன். என்ன விசேஷம் என்றார் சூப்பர்வைசர். தம்பி வருகிறான் என்று வாயில் வந்துவிட்டது. "ஊரிலிருந்தா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். தலையாட்டினேன்.

அக். 13, செவ்வாய்

இவர் குசைஸில் வேலையிலிருந்து சீக்கிரமே வந்து, குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பூசைக்குப் போடுவது.

சல்மா வீடு. பேரீச்சம்பழம், டீ. யாரும் தொடவில்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். "ஸவ்யே" என்கிறார்கள். கூட்டத்திலிருந்து எழுந்து ஓடி வந்தான். நீலச் சட்டை. முன்தலை வழுக்கை. அதை எனக்குச் சொல்லவே இல்லை.

காபி மெஷினுக்கு அவன் சொன்ன விலைதான் கிட்டத்தில் இருந்தது. மேடைக்கு ஏறினான். ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சு வாங்கியது. உதட்டுக்கு மேலே வேர்வை. சந்தோஷத்தில் நிற்கிறான் என்று எல்லாரும் கை தட்டினார்கள். நான் நர்ஸ். எனக்குத் தெரிந்தது. "உக்காருடா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நடத்துகிறவர் ஏதோ கேட்க, சேவியர் நிறையப் பேசினான். லூர்து பெயர் வந்தது. பிள்ளைகள் பெயர் வந்தது. சல்மா என் பக்கம் திரும்பினாள்.

"அவருக்கு ஓர் அக்கா இருக்கிறாராம். ஷார்ஜாவில் நர்ஸாம். ரொம்பப் பிடிக்குமாம்."

காரைக்காலில் கன்னியர் பள்ளியில் எனக்கும் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாம் போய்விட்டது, ஆனால் அக்காவுக்கு என்ன வார்த்தை என்று தெரியும். அவன் பேசிய நேரம் முழுக்க அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை வரவில்லை.

"தேங்க்யூ சல்மா" என்றேன்.

சக்கரம் சுற்றினான். தோற்றான். அதற்கும் சிரித்தான். உடனே சோப்பு விளம்பரம்.

அக். 14, புதன்

லூர்து பார்க்கவில்லையாம். பிள்ளைகளைத் தோழி வீட்டுக்கு அனுப்பிவிட்டு டிவி ஒயரைப் பிடுங்கி வைத்தாளாம்.

"எப்படி இருந்தாரு அண்ணி?"

"நல்லா இருந்தான்."

"அசதியா தெரிஞ்சாரா?"

"இல்லம்மா."

மூச்சு வாங்கியதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது. காபி மெஷின் வந்துவிட்டதாம். பெட்டியைப் பிரிக்கவில்லையாம்.

இவருக்கு மாத்திரை மறந்துபோனேன்.

அக். 16, வெள்ளி

காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. பூசை முடிந்து ஊருக்குப் போன். முதல் மணியிலேயே அம்மா எடுத்துவிட்டாள்.

"பாத்தியா?"

"பாத்தேம்மா."

"மெலிஞ்சிருந்தானா?"

"இல்ல. நீலச் சட்டை போட்டிருந்தான். சிரிச்சுகிட்டே இருந்தான்."



"என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

"சொன்னாம்மா."

"என்ன சொன்னான்?"

யோசித்து வைக்கவில்லை. எங்கம்மா காரைக்கால்ல இருக்காங்க, அவங்க வைக்கிற மீன் குழம்பு மாதிரி இந்தப் பாரிஸ் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது, அப்படின்னு எல்லார் முன்னாடியும் சொன்னான் என்றேன்.

"பிரெஞ்சுலயா?"

"பிரெஞ்சுலதாம்மா."

அம்மா போனை வைக்காமலே பக்கத்தில் யாரிடமோ பேசுவது கேட்டது. அடுத்த வீட்டு மேரியக்கா போலிருக்கிறது. "என்னைத்தான் சொன்னானாம் மேரி. மீன் குழம்பைச் சொன்னானாம்."