நாற்பது கரண்டித் தண்ணீர்

தாஷ்புலாக்,
6 மே 2003

அடி சைக்கால்,

உன்மேல் கோபமாக இருக்கிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரயில்வே டீசல் கிடங்கில் எண்ணெய் கசிகிறதா என்று சோதிக்க நாலு நாள் துளை போட்டு மண்ணை அள்ளத் தெரிந்தது, கூடப் படித்தவள் வீட்டில் நாலு நிமிஷம் உட்கார முடியவில்லை. அரை மணி நேரம் எங்கள் அடிபம்பை அடித்துத் தண்ணீரை வீணாக்கினாய், இரண்டு குப்பி நிரப்பினாய், ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்காமல் ஓடிவிட்டாய். என் வீட்டுக்காரர் அசன்பாய்க்கு ஒரே பெருமை. "கிடங்குத் தண்ணிய நம்ம தண்ணியோடதான் ஒப்பிட்டுப் பாக்கப் போறாளாம். ஊர்லயே சுத்தமான கிணறு நம்மளுது!" என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பேரன் எர்மெக்குக்கு நாற்பதாம் நாள் குளியல். குழந்தை மேல் நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றுகிறவர்களில் உன்னையும் சேர்த்துவிட்டாள் மருமகள் நுரிலா. "படிச்ச கை அத்தே, அவங்களும் ஊத்தட்டும்" என்கிறாள். வராமல் இருந்து பார்!

உன் புருல்சா

பிஷ்கெக்,
13 மே

அன்புள்ள புருல்சா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த ரொட்டியை அலுவலகத்தில் பிடுங்கித் தின்றுவிட்டார்கள். குழந்தை அழாமல் கிடந்தது கண்ணிலேயே நிற்கிறது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. உங்கள் பம்புக் குழாய் துருப்பிடித்திருக்கும் போலிருக்கிறது. கொஞ்ச நாளைக்குக் குழந்தைக்கு மட்டுமாவது மலை ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சொல். பெரிதாக ஒன்றுமில்லை.

சைக்கால்

தாஷ்புலாக்,
21 மே

என் இன்ஜினியரம்மா,

உன் ஒற்றை வரிக்காக அசன்பாய் இரண்டு நாள் சேற்றில் புரண்டார். பழைய குழாயைப் பிடுங்கிப் புதுசு இறக்கியாகிவிட்டது. "இப்ப வந்து குடிக்கச் சொல்லு, தேனா இருக்கு!" என்கிறார். அக்கம்பக்கத்து நாலு வீடும் இப்போது எங்கள் பம்புக்குத்தான் வருகிறது. நீ சொல்லிச் செய்ததாயிற்றே!

எர்மெக்குக்குத்தான் தொடை இடுக்கிலும் கழுத்திலும் சிவந்து கிடக்கிறது. இரண்டு வேளை குளிப்பாட்டியும் அடங்கவில்லை. தண்ணீரில் டீசல் வாடை அடிக்கிறது என்று முனகினாள் நுரிலா. "தண்டவாளத்து ஓரத்துல குடியிருந்தா ரோஜா வாசனையா வரும்?" என்று அவள் வாயை அடைத்தேன். உனக்குத் தெரிந்த நல்ல களிம்பு இருந்தால் அனுப்பு.

புருல்சா

பிஷ்கெக்,
24 மே

புருல்சா,

இதை மினிபஸ் ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் பம்பின் கைப்பிடியைக் கழற்றச் சொல். அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், அதில் குளிக்க வேண்டாம், காய்ச்சினாலும் பயனில்லை. தெருவில் எல்லோருக்கும் சொல்.

துரு என்று எழுதியது பொய். முதல் நாள் குப்பியை மூடும்போதே டீசல் நெடி வந்தது. எண்ணெய் ஆவியை அளக்கும் கருவியைக் குப்பி வாயில் காட்டினேன், முள் எகிறியது. வரைபடத்தில் இல்லாத பழைய எண்ணெய்க் குழாய் ஒன்று உங்கள் தெருவுக்கு அடியில் அரித்துக் கிடப்பதைப் போன வாரம் கண்டுபிடித்தோம். சுத்தமான கிணறு என்று உங்களுடையதைக் குறித்தவளே நான்தான். சின்ன வயதில் குடித்த தண்ணீர் என்பதைத் தவிர அதற்கு ஓர் ஆதாரமும் என்னிடம் இல்லை.

"ஆய்வகத் தாள் வர்ற வரைக்கும் வாயத் திறக்காதே, கிடங்குக்காரன் கேஸ் போடுவான்" என்றார் மேலதிகாரி. வேலை போய்விடும் என்று பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கரண்டி என் கைக்கு வந்தபோது வாளித் தண்ணீரின் மேல் மெல்லிய படலம் மினுங்கியது. பார்த்தேன், புருல்சா. அத்தனை பேர் நடுவில் சடங்கை நிறுத்தக் கூச்சமாக இருந்தது. சிரித்துக்கொண்டே குழந்தை மேல் ஊற்றினேன். கூச்சமாம், த்தூ! கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நேற்றுத் தாள் வந்தது, அறிக்கையை அனுப்பிவிட்டேன். ஜூன் 7-ஆம் தேதி வந்து தெருவார் முன்னால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். திட்டுகிற திட்டை அப்போது திட்டு.

சைக்கால்

தாஷ்புலாக்,
2 ஜூன்

சைக்கால்,

கைப்பிடியைக் கழற்றிவிட்டோம். தண்ணீர் லாரி வருகிறது. உன் கடிதத்தை யாருக்கும் காட்டாமல் அடுப்பில் போட்டேன்.

சனிக்கிழமை தெருக்கூட்டத்துக்குக் கிடங்கு மேலாளர் வந்தான். "அறிக்கை எழுதின அந்தம்மாவே இந்தத் தண்ணியத்தானே குழந்தைக்கு ஊத்துச்சு? கெட்ட தண்ணின்னா ஊத்துமா? எல்லாம் புருடா!" என்றான். ஜனங்களும் அவன் பக்கம் தலையாட்டினார்கள்.

நான் எழுந்து நின்றேன். "அவ முதல் நாளே எங்கிட்ட சொல்லிட்டா. விசேஷம் நின்னுடக் கூடாதுன்னு நான்தான் மறைச்சேன். வாளியில இருக்கறது மலை ஊத்துத் தண்ணின்னு அவளையும் ஏமாத்தினேன்" என்றேன்.

அதற்குப் பிறகு உன் அறிக்கையை எல்லோரும் நம்பினார்கள். கிடங்கை மூடச் சொல்லி மனுவில் நாற்பத்தோரு வீடு கையெழுத்துப் போட்டது.

நுரிலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "தெரிஞ்சேவா அத்தே?" என்று மட்டும் கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அசன்பாய் என்னோடு பேசுவதில்லை. எர்மெக்குக்குத் தோல் ஆறி வருகிறதாம், பஸ் ஓட்டுநர் சொல்லித்தான் தெரிந்தது.

ஏழாம் தேதி நீ வராதே. வந்தால் உண்மையைச் சொல்லிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். சொன்னால் உன் அறிக்கையை யாரும் நம்பமாட்டார்கள், தெருவார் மறுபடியும் அந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள். உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தெருவுக்காகச் சொன்ன பொய் இது, அதைக் கெடுக்காமல் அங்கேயே இரு.

பதில் வேண்டாம்.

புருல்சா