அடுத்த வீட்டுச் சேறு

நவம்பர் 14

அண்ணா,

வாத்தியாரம்மாவைக் கொன்றது வெள்ளம் இல்லை. நீயும் உன் அணை அலுவலகமும் நம் அப்பாவும் சேர்ந்து கொன்றீர்கள்.

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. போனில் கேட்டால், "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

தண்ணீர் வந்தபோது நான் ஆஸ்பத்திரி டியூட்டியில் மாட்டிக்கொண்டேன். டயாலிசிஸ் நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது, மாற்று ஆளுக்கும் வழியில்லை. வடிந்த பிறகு வந்து பார்த்தால் தெரு முழுக்க முழங்கால் அளவு சேறு. அடுத்த வீட்டு வாத்தியாரம்மாவை அதற்குள் அடக்கம் செய்தும் ஆகிவிட்டது. படுத்த படுக்கையாக இருந்தவர், தரைத்தளம். மகள் ஒருத்தியாகத் தூக்கப் பார்த்திருக்கிறாள்.

எதிர்த்தாற்போல் இருக்கும் பிரார்த்தனைக் கூடத்து மாடியில்தான் தெருவே தங்கியிருந்தது. ஒலிபெருக்கிச் சத்தம் தாங்கவில்லை என்று நான் போலீசில் எழுதிக் கொடுத்தேனே, அதே கூடம். அதைப் பார்த்துக்கொள்ளும் அக்கா என்னைக் கண்டதும், "வழி விடுங்க, போலீசம்மா வந்துட்டாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளே என் கையில் ஒரு மண்வெட்டியைத் திணித்தாள். "அழுறதுன்னா அள்ளிக்கிட்டே அழு கண்ணு. காஞ்சா சிமென்ட்டு மாதிரி புடிச்சுக்கும்."

அவர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். யாரும் தன் வீட்டுச் சேற்றைத் தானே அள்ளக் கூடாது, அடுத்த வீட்டுச் சேற்றைத்தான் அள்ள வேண்டும். சொந்த வீட்டில் இறங்கியவர்கள் நனைந்த ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்களாம், வேலை நகர்வதில்லை. எனக்கு அந்த விதி பிடித்துப்போய்விட்டது.

நம் வீட்டு முறை வந்தபோது அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "என் வீட்ட நானே கழுவிக்குவேன். எவனும் உள்ள வர வேணாம்." எனக்கு அவமானமாகப் போய்விட்டது. சண்டை போட்டு, அவரை விலக்கி, நானே அவர்களை உள்ளே கூட்டிப் போனேன்.

கீழே சேறு இருந்தது, சாமான்தான் இல்லை. எல்லாம் மாடியில் இருந்தது. ஃப்ரிட்ஜ், மெத்தை, அரிசி மூட்டை. தையல்காரர் மாடிப்படியில் நின்று பார்த்தார். அவருடைய மூன்று மெஷினும் முழுகிப்போயின. "செருப்பு ஸ்டாண்டு வரைக்கும் மேல ஏறியிருக்கே. நிதானமா ஏத்தியிருக்கீங்க" என்றார். ஒவ்வொருவராக மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போனார்கள்.

எல்லோரும் போன பிறகு அப்பா வாயைத் திறந்தார். முந்தின நாளே நீ போன் செய்தாயாம். "ஷட்டரைத் திறக்கப் போறாங்க. சாமானை மேல ஏத்துங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

வாத்தியாரம்மாவை மேலே ஏற்ற இரண்டு பேர் போதும் அண்ணா. நம் ஃப்ரிட்ஜுக்கு அப்பா வெளியாட்கள் நாலு பேரை வரவழைத்திருக்கிறார்.

தங்கை


நவம்பர் 22

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். சின்னவனுக்குச் சளி பரவாயில்லை.

'கொன்றீர்கள்' என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவன் நான்.

ஷட்டரைத் திறக்காவிட்டால் அணையே போயிருக்கும். உன் தெரு மட்டுமல்ல, பாதி ஊர் இருந்திருக்காது. எச்சரிக்கை கொடுக்க மேலிடத்து உத்தரவு வேண்டும். கேட்டோம், வரவில்லை. நாங்களாக அறிவித்தால் பீதியைக் கிளப்பினோம் என்று வேலையை விட்டுத் தூக்குவார்கள். ஆனாலும் பெற்ற அப்பா ஆயிற்றே என்று ஒரு போன் போட்டேன். அதற்கே என்னை உள்ளே தள்ளலாம், தெரியுமா? தொழிற்பேட்டைக்கு மட்டும் எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்று நீ அடுத்துக் கேட்பாய். தெரிவித்தார்கள். நான் தெரிவிக்கவில்லை, மேலே இருந்து தெரிவித்தார்கள். அதைத் தடுக்க நான் யார்? வெறும் உதவிப் பொறியாளர்.

நீ கூடத்தில் போய் உட்கார்ந்து கும்பிடுகிறாய் என்று அப்பா சொன்னார். சாமி படத்துக்குப் பூ வைக்கச் சொன்னாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவள் நீ! சேறு மூளைக்கு ஏறிவிட்டதா, வாயாடி?

கொஞ்ச நாள் ஆறப் போடு. அப்பாவைத் திட்டாதே, பாவம் அவர்.

உன் அண்ணன்


நவம்பர் 27

அண்ணா,

தொழிற்பேட்டைக் கிடங்கில் அட்டைப்பெட்டிகூட நனையவில்லை. அதற்குச் சொல்ல ஆள் இருந்தது. எங்கள் தெருவைப் போன்ற தெருக்கள் முழுகினால் ஒரு மூட்டை அரிசியும் போர்வையும் கொடுத்து வாயை மூடிவிடலாம் என்று உன் மேலிடத்துக்குத் தெரியும். உனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே 'நான் யார்' என்று எழுதியிருக்கிறாய்.

கும்பிடுவதைக் கேட்டாய். ஆமாம், போகிறேன். கடைசி வரிசையில் உட்காருகிறேன். கண்ணை மூட இன்னும் வரவில்லை. பாதியில் எழுந்து போய்க் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறேன், திரும்பி வருகிறேன், மறுபடி எழுகிறேன். "உன்ன உக்கார வெக்க ஒரு ஆணி அடிக்கணும்" என்று அக்கா கேலி செய்கிறாள்.

ஏன் போகிறேன் என்றால், நம் வீட்டு வேலை அன்று பாதியில் நின்றுவிட்டது. மறுநாள் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் வந்திருக்க மாட்டேன், கல்லெறிந்திருப்பேன். காலையில் கதவைத் திறந்தால் தையல்காரர் நிற்கிறார், வாளியோடு. அவருக்குப் பின்னால் வாத்தியாரம்மாவின் மகள். அப்பா முகத்தை அவர்கள் பார்க்கவே இல்லை. நான் டீ கொண்டுபோனேன். "வேணாம்மா. உங்க வீட்டுல வாய் வெக்க மனசு வரல" என்றார் தையல்காரர். ஆனால் மாடிப்படிக்கு அடியில் படுத்து, கையை விட்டுச் சேற்றை வழித்தெடுத்தார். சாயங்காலம்வரை.

மன்னிப்பு கின்னிப்பு எதுவும் கிடையாது. எங்கள் முறை, அதனால் வந்தார்கள். எந்தப் புத்தகத்தை வைத்து இதைப் புரிந்துகொள்வது? எனக்குத் தெரியவில்லை. அவர்கள் தலை குனிகிற இடத்தில் நானும் போய் உட்கார்ந்தேன். மனது அடங்கியது என்று பொய் சொல்லமாட்டேன். முன்பைவிட அதிகமாகத்தான் அலைகிறது. ஆனால் இப்போது அதைப் பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து அலையவிட முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை விசாரணை அதிகாரி கூடத்துக்கு வருகிறார். எதிர்பாராத மழை என்று அறிக்கை எழுதத் தயாராக வருகிறாராம். நீ எனக்கு எழுதியதை யாரிடமும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். அதை நீ வந்து உன் வாயால் சொல்ல வேண்டும். வேலை போகலாம். வா. நீ வந்தால் இந்தத் தெரு உன்னை எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். இந்தத் தைரியம் போன மாதம் எனக்கே இல்லை.

தங்கை


டிசம்பர் 1

தங்கைக்கு,

வரப் பார்க்கிறேன். அண்ணி அழுகிறாள். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. யாரிடமும் என் பேரை எடுக்காதே.

அண்ணன்


டிசம்பர் 5

அண்ணா,

நீ வரவில்லை.

அதிகாரி 'இயற்கைச் சீற்றம்' என்று படிக்க ஆரம்பித்ததும் பின்னாலிருந்து அப்பா எழுந்தார். அந்தக் கூடத்துக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. "தண்ணி வரப் போறது எனக்கு முன்னாடியே தெரியும். நான் யாருக்கும் சொல்லல" என்றார். கூடமே திரும்பிப் பார்த்தது.

"தெரியுமா? யார் சொன்னாங்க பெரியவரே?" என்று அதிகாரி கேட்டார்.

அப்பா வாசலைப் பார்த்தார், அண்ணா. நீ வந்துவிடுவாய் என்று பார்த்தார். எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதர் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்? உன் பேர் அவர் வாயில் வரவில்லை. என் வாயிலும் வரவில்லை, உனக்குக் கொடுத்த வாக்கு தடுத்தது. "வயசானவர், குழம்பிட்டார். வதந்தின்னு எழுதிக்கோங்க" என்று அதிகாரி குமாஸ்தாவிடம் சொன்னார்.

அப்பா பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். வாத்தியாரம்மாவின் மகள் ஒரு நாற்காலியை அவர் பக்கம் காலால் தள்ளினாள். கையால் எடுத்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. அவர் உட்கார்ந்தார். அவள் வெளியே போய்விட்டாள்.

அதிகாரி வெள்ளிக்கிழமைவரை இங்கே இருப்பார். வா.

தங்கை


டிசம்பர் 19

அண்ணா,

அதிகாரி போய்விட்டார். அறிக்கையும் போய்விட்டது. உன் போன் அணைந்தே இருக்கிறது. அண்ணியும் எடுக்கவில்லை.

அப்பா இப்போது தினமும் கூடத்துக்கு வருகிறார். பிரார்த்தனை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு தையல்காரர் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறார், கோபமே இல்லாமல். "யாருங்க சொன்னது?" அப்பா தலையைக் குனிந்துகொள்கிறார். அப்புறம் தையல்காரர் என்னைப் பார்க்கிறார்.

உனக்குக் கொடுத்த வாக்கை நான் இன்னும் உடைக்கவில்லை. எத்தனை நாள் முடியும் என்று தெரியவில்லை. அதற்கு முன்னால் நீ வா. வந்து தையல்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்.

தங்கை