இரண்டு பின்

மார்ச் 4, செவ்வாய்

இன்று என் கவுன்டரிலிருந்து எண்பத்து மூன்று கவர்கள் போயின. இதற்கு முன் நான் எண்ணியதில்லை. காலையில் வந்த சுற்றறிக்கைதான் எண்ண வைத்தது. பத்தாம் தேதியிலிருந்து பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம் நோயாளியின் கைபேசிக்கே போய்விடும். இந்த மாதம் கடைசிவரை கவரும் உண்டு. ஏப்ரல் ஒன்றிலிருந்து கவர் கிடையாது, கவுன்டரும் கிடையாது. என்னைப் பின்பக்கம் இன்சூரன்ஸ் அறைக்கு மாற்றுகிறார்கள். சம்பளம் அதேதான். ஜன்னல்தான் இல்லை.

இந்த மருத்துவமனையில், இதே நாற்காலியில், பத்தொன்பது வருடம்.

மார்ச் 6, வியாழன்

இரண்டு பின்னைப் பற்றி எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும். எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.

ரிப்போர்ட் மோசமாக இருந்தால் ஆய்வக டாக்டரம்மா தாளின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து அனுப்புவார். புள்ளி இருந்தால் நான் ஸ்டேப்ளரால் கவரின் வாயில் இரண்டு பின் அடிப்பேன். இல்லாவிட்டால் ஒன்று. டாக்டர் அறை வாசலில் டோக்கன் கூப்பிடும் நர்ஸை எல்லோரும் வாசல் அக்கா என்பார்கள். இரண்டு பின்னைப் பார்த்தால் அக்கா அந்த ஆளை எந்த டோக்கனாக இருந்தாலும் முதலில் உள்ளே விடுவாள். பிரித்துப் படித்துத் தனியாக உடைந்து போவதற்குள் டாக்டர் எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். நான் சேர்ந்த முதல் மாதம் நாங்கள் மூவரும் டீ குடித்தபடி பேசி வைத்துக்கொண்டது இது. நோயாளிகள் யாருக்கும் தெரியாது.

அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. எழுதும்போதுதான் தெரிகிறது.

மார்ச் 8, சனி

பழைய ஸ்டேப்ளரை வீட்டுக்குக் கொண்டுவந்து எண்ணெய் போட்டேன். மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா, அதையே கட்டிக்கிட்ட மாதிரி தடவுற?"

"இது உங்கப்பா மாதிரி இல்லடி. ஒரு தடவை அழுத்தினாலே வேலை செய்யும்."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு செருமல் மட்டும் வந்தது.

மார்ச் 12, புதன்

இரண்டு நாளாகப் புது முறை ஓடுகிறது. டாக்டரம்மா கணினியில் பொத்தானை அழுத்துகிறார், அடுத்த நொடி ரிப்போர்ட் போய்விடுகிறது. கவுன்டர் முன்னால் பாதிக்கூட்டம்தான்.

ஒரு பெரியவர் போனில் கூப்பிட்டு நன்றி சொன்னார். ஒவ்வொரு தடவையும் இந்த ஒரு தாளுக்காக நான்கு மணி நேரம் பஸ்ஸில் வருவாராம். "இனிமே வீட்லயே சுகர் ரிப்போர்ட்டைப் பாத்துக்கலாம்மா, முதுகு தப்பிச்சுது." அவர் சொல்வது நியாயம்தானே.

ஆனாலும் மதியம் என் மரத்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயரின் முதல் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி. பாதிக் குழிகளில் கை வைக்காத கவர்கள். முன்பெல்லாம் இந்த நேரத்தில் ஜன்னலில் நான்கைந்து கைகளாவது நீளும். பெயர் சொல்வதற்கு முன்பே கையை வைத்து ஆளைச் சொல்லிவிடுவேன். சாயக்கறை படிந்த கை, கடிகார வார் தடம் உள்ள கை, நடுங்கும் கை.

மார்ச் 17, திங்கள்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

நாலு மணிக்கு ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். மார்பில் ஒரு கட்டி. அதிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார். அவருடைய கவர் காலையிலிருந்தே என் தட்டில் இருந்தது. இரண்டு பின்னோடு. நீட்டினேன். வாங்கவில்லை.

"பதினொன்னு பத்துக்கே போன்ல வந்துடுச்சுங்க. ரெண்டு பீரியடுக்கு நடுவுல. ஸ்டாஃப் ரூம்ல நின்னுட்டே படிச்சேன்."

"அப்புறம்?"

"மணி அடிச்சிடுச்சு. எட்டாம் வகுப்பு. போய்ப் பாடம் எடுத்தேன். என்ன எடுத்தேன்னு கேக்காதீங்க."

"இங்க வந்து வாங்கியிருந்தா ஒரு மனுஷ முகத்தையாவது பாத்திருப்பேன்" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கவுன்டரை அப்படியே போட்டுவிட்டு அவரை அக்காவிடம் கூட்டிப் போனேன்.

வெறும் தாளை வெச்சுக்கிட்டு நான் இங்க உக்காந்து என்ன பண்ணிட்டு இருந்தேன்? பதினொன்னு பத்துக்கு நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்? டீ குடிச்சுட்டு இருந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

தூக்கமில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன்.

மார்ச் 19, புதன்

புது முறையைப் போட்டுக் கொடுத்த மென்பொருள்காரரைப் பிடித்து உட்கார வைத்தேன். இரண்டு பின் கதையை முழுக்கச் சொன்னேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், சிஸ்டத்துல அதைக் குறிச்சு வைக்க ஃபீல்டே இல்லையே."

"எதுக்கு?"

"அந்தப் பென்சில் புள்ளிக்கு. எல்லா ரிப்போர்ட்டும் எங்களுக்கு ஒண்ணுதான். சிலதை மட்டும் நிறுத்தணும்னா எது எதுன்னு யாராவது சொல்லணும், மறந்துட்டா யாரு பொறுப்புன்னு வரும். பெரிய தலைவலி."

தலைவலிதான். பத்தொன்பது வருடம் ஒரு பென்சிலும் இரண்டு பின்னும் தாங்கின தலைவலி.

மார்ச் 24, திங்கள்

ஆசிரியை டாக்டரைப் பார்க்க வந்திருந்தார். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தாகிவிட்டது. பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பின்னை எப்படியாவது திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறேன் என்றேன், ஏதோ பெரிய ரகசியம் சொல்வதுபோல.

அவர் சிரித்துவிட்டார். "அது எங்களுக்குத் தெரியுமேங்க."

"என்ன தெரியும்?"

"ஆறு வருஷம் முன்னாடி எங்கம்மா கவர்ல ரெண்டு இருந்துச்சு. இந்த பெஞ்சுக்கே தெரியும். ஒரு பின்னுன்னா அங்கேயே பிரிச்சிடுவாங்க. ரெண்டுன்னா பக்கத்துல இருக்கறவங்க பேச்சை நிறுத்திட்டுத் தள்ளி உக்காந்து இடம் விடுவாங்க. ஒருத்தர் தண்ணி பாட்டிலை நீட்டினார். நீங்க கவரைக் குடுக்கும்போதே எங்கம்மா பின்னைத்தான் பாத்தாங்க. உங்க முகத்தை அப்புறம்தான்."

எத்தனை ஆயிரம் பேர். ஒவ்வொருவருக்கும் நான் ஜன்னல் வழியாகத் தீர்ப்பை நீட்டியிருக்கிறேன். "டாக்டரைப் பாத்துட்டுப் போங்க" என்று சாதாரணமாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டேன்.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே கையைப் பிடித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. தெரிஞ்சப்போ தனியா இல்ல பாருங்க, அதைத்தான் சொல்றேன்."

மார்ச் 25, செவ்வாய்

அக்காவிடம் சொன்னேன். டோக்கன் கட்டை அடுக்கிக்கொண்டே, "எனக்கு அப்பவே தெரியும்டி" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்தியிருப்ப. அப்புறம் நான் யாரை முதல்ல உள்ள விடறது?"

கோபித்துக்கொள்ள முடியவில்லை.

சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது தோன்றியது. மோசமானவர்களுக்கு மட்டும் போன் செய்து கூப்பிடலாம் என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தேன். அப்படிச் செய்தால் அந்த மணி ஓசையே இரண்டு பின் ஆகிவிடாதா? எல்லோருக்கும் ஒரே பின் அடித்திருக்க வேண்டும். எல்லோரையும் கூப்பிட வேண்டும்.

மார்ச் 28, வெள்ளி

நிர்வாக அதிகாரி அறையில் கூட்டம். மற்ற ரிப்போர்ட்டுகள் அவை பாட்டுக்குப் போகட்டும். இந்தக் கட்டிப் பரிசோதனை மட்டும், நல்லதோ கெட்டதோ, நான் போனில் பேசிய பிறகுதான் கைபேசிக்குப் போக வேண்டும். இதுதான் கேட்டேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவாங்க?"

"பத்து, பன்னிரண்டு சார்."

அதிகாரி மென்பொருள்காரரைப் பார்த்தார். "எல்லாத்துக்கும்னா ஈஸி சார். சிலதுக்கு மட்டும்னாதான் கஷ்டம். ஒரு பட்டன் போதும்" என்றார் அவர். டாக்டரம்மா வாய் திறந்தது ஒரே ஒரு தடவைதான்: "நல்லதுன்னா இவங்களே சொல்லட்டும். இல்லன்னா அன்னைக்கே என்கிட்டயோ டாக்டர்கிட்டயோ கூட்டிட்டு வரட்டும்."

ஒரு மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். இன்சூரன்ஸ் அறையிலேயே ஒரு மூலையில் மேஜை. ஒரு போன்.

மார்ச் 31, திங்கள்

கடைசிக் கவர்கள். பதினான்கே பதினான்கு. எல்லாவற்றுக்கும் ஒரு பின். பென்சில் புள்ளி இருந்த இரண்டு பேரை நானே நடத்திக் கூட்டிப் போனேன்.

மரத்தட்டை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அது நின்ற இடத்தில் சுவர் மட்டும் வேறு நிறமாக இருக்கிறது. ஸ்டேப்ளரைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

இன்று போனில் பதினொரு பேர்.

முதல் ஆள் ஒரு லாரி ஓட்டுநர். எங்கோ ஓரமாக வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்டது. "சொல்லுங்க" என்றார். பயப்பட ஒன்றுமில்லை, வெறும் கொழுப்புக் கட்டிதான் என்றேன். எஞ்சினை அணைத்தார். பிறகு, "இன்னொரு தடவை சொல்றீங்களா" என்றார். சொன்னேன்.

ஒன்பது பேருக்கு அப்படி. மற்ற இரண்டு பேரிடம், மூணு மணிக்கு டாக்டர் இருக்கிறார், கூட யாரையாவது அழைத்து வாருங்கள், வாசலில் நான் நிற்பேன் என்றேன். நின்றேன்.

ஒரு பின் கவர்களை இத்தனை வருடமும் பெயர் கேட்டு நீட்டிவிட்டு அடுத்த கையைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பிரிக்கும்போது முகம் எப்படி மாறும் என்று ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

நாளைக்கு ஏழு பேர்.