பல் டாக்டரிடம் உன் தம்பி சொன்னது

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லாம் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றாலும் நீ சொல்லமாட்டாய், ஆறாம் வகுப்பில் கை முறிந்ததையே மூன்று நாள் மறைத்தவள்தானே.

விஷயம் என்னவென்றால் போன வாரம் உன் தம்பிக்குப் பல் தேய்க்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம். மனசுக்குச் சாப்பிடும் மாத்திரைதான் காரணம், இனிமேல் தொடமாட்டேன் என்று அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டான். முன்பு ஒருதரம் இப்படி நிறுத்தி, அச்சகத்துக்குப் போகாமல் இருபத்திரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தானே, நான் மறப்பேனா. மறுநாளே பல் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனேன். அங்கே முன்வரிசையில் உன் அத்தை! உனக்கு மூக்கு சப்பை என்று நீ பிறந்த மறுநாளே சொன்ன மகராசி. சீட்டு எழுதும் பெண், வேறு மாத்திரை ஏதும் உண்டா என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். அத்தை காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறாளே என்று நான் முந்திக்கொண்டு, ஒண்ணுமில்ல என்றேன். உன் தம்பி என்னை ஒரு பார்வை பார்த்து, ஏம்மா பொய் சொல்ற, மனசுக்கு மாத்திரை சாப்பிடுறேன், நேத்துதான் நிறுத்தினேன், எழுதிக்கோங்க என்றான். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

டாக்டரம்மா, நீங்களா நிறுத்தக்கூடாது தம்பி, அந்த மாத்திரையில வாய் காயும், எச்சில் குறைஞ்சா ஈறு கெடும், அதுக்கு வழியிருக்கு, மனசு டாக்டருக்கும் நானே எழுதுறேன் என்றாள். அடிக்கடி தண்ணீர், மெதுவான பிரஷ், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம். வாய் காய்ந்தால் இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, நாள் பூரா பெப்பர்மின்ட் என்றான். அந்த இனிப்புதாம்ப்பா ஈறையும் பல்லையும் சேர்த்துக் கெடுக்குது, யார் வாங்கித் தர்றது என்றாள். பாவி என்னைக் கைகாட்டினான். டப்பா டப்பாவாக வாங்கிக் கொடுத்தவள் நான்தானே! வெளியே வந்தால் உன் அத்தை நகர்ந்து வந்து, எனக்கும் அந்த மாதிரி மாத்திரைதாண்டா, வாய் காயுது, உள்ள சொல்லலாமா என்று அவனிடம் குசுகுசுத்தாள். தைரியமா சொல்லுங்க அத்தை என்றான். மூக்கு விஷயத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை, ஆனாலும் என் தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினேன்.

அன்று ராத்திரியே எறிந்த அட்டையைத் தேடியெடுத்து மாத்திரை போட்டுக்கொண்டான், இப்போது ரத்தமும் குறைந்திருக்கிறது. நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். தம்பியிடம் போனில் ஈறு எப்படி, மாத்திரை போட்டாயா என்று நேராகவே கேள். இத்தனை வருஷம் இரண்டு பஸ் மாறிப்போய் அந்த மாத்திரையை வாங்கிவந்தவள், இன்று தெருமுனைக் கடையிலேயே நாலு பேர் நிற்க, என் மகன் மனசுக்குச் சாப்பிடுறது, ஒரு மாசத்துக்குக் கொடுங்க என்று சத்தமாகக் கேட்டு வாங்கினேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா