கியர் ஆயில் மாத்தியாச்சு

பூஞ்சேரி,
ஞாயிறு.

கர்த்தருக்குள் அன்பான மகன் ஜோயலுக்கு, அம்மா காசியம்மாள் எழுதுறது. நானும் உன் அண்ணி ஜெபாவும் இருக்கிறோம்.

அண்ணன் ஹேமந்தை அடக்கம் பண்ணின நாள்ல இருந்து நீ என் போனை எடுக்கல. அண்ணன் ஓட்டின வேனை வித்துடச் சொல்லி வரதன் மாமாகிட்ட மட்டும் சொல்லியிருக்கே. அதனாலதான் லீவு முடிஞ்சு மஸ்கட் திரும்புற உன் ரூம் ரமேஷ் கையில இதைக் குடுத்து அனுப்புறேன்.

வண்டியை விக்கல. கியர் ஆயில் மாத்த சாலமோன் ஷெட்டுக்கு ஜெபாவே ஓட்டிப் போனாள். சூடா இருந்தாத்தான் பழசு முழுசா இறங்குமாம். அதுக்காக முதல்ல திருக்கழுக்குன்றம் வரைக்கும் போய் வந்தோம். கியர் மாத்துறப்பல்லாம் கரகரன்னு சத்தம். அண்ணன் கடைசியா கேட்டதும் அதைத்தான்.

அடியில நட்டைக் கழட்டினா, கறுப்பா கொஞ்சமாத்தான் வந்தது. மிச்சமெல்லாம் எப்பவோ ஒழுகிப் போயிருக்கு. நட்டு முனையில இரும்புத் தூள் சேறாட்டம் ஒட்டிக்கினு இருந்தது. அண்ணன் தினம் என்ஜின் ஆயிலைக் குச்சி விட்டுப் பார்ப்பான். இதுக்குக் குச்சி கிடையாது, அடியில படுத்துத்தான் பார்க்கணும். சீசன்ல எந்த டிரைவரும் படுக்க மாட்டான்னு சாலமோன் சொன்னார்.

அன்னிக்கு அண்ணன் ஷெட்டுக்குத்தான் கிளம்பினான். உன் முதலாளி வீட்டு ஆளுங்க வந்திருக்காங்க, மகாபலிபுரம் காட்டிட்டு வா, ஆயிலை நாளைக்கு மாத்திக்கலாம்னு நீ போன் பண்ணினே. அவங்களை இறக்கிவிட்டுத் திரும்பறப்ப கியர் விழல. ஓரம் கட்டி, குனிஞ்சு பார்த்துக்கினு இருந்தவனைத் தண்ணி லாரி அடிச்சிட்டுப் போயிடுச்சு. வண்டிக்கு ஒரு கீறல் இல்ல.

ஜெபாவுக்கு உன் மேல கோபம் கீது. மறைக்க மாட்டேன். "வண்டிய விக்கச் சொல்ல அவரு யாரு அத்தை? அவரால போனது போதும்"னு சொன்னாள். பொத்தேரி காலேஜ் பிள்ளைங்களை ஏத்தி இறக்கப் போறாளாம். புது ஆயில் ஊத்தினப்ப அவளே அடியில படுத்து, நிரம்பி ஓட்டை வழியா வழியிற வரைக்கும் பார்த்தாள். ரொம்ப நேரம் வெளியே வரல. சாலமோன் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கினார்.

அவள் கோபம் அவளோடது. அதுல எனக்குப் பங்கு வேணாம்.

ரூம்ல நீ யாரோடவும் பேசறதில்ல, சாப்பாட்டைத் தொடறதில்லன்னு ரமேஷ் சொன்னான். ஜோயலு, செங்கல்பட்டு மார்ச்சுவரி வாசல்ல ஒரு பிள்ளைக்கு நின்னுட்டேன். ஏர்போர்ட் வாசல்ல பெட்டிக்கு என்னை நிக்க வெச்சிடாதே.

கர்த்தர் உன்னைக் கைவிட மாட்டார். சாப்பிடுடா.

உன் அம்மா,
காசியம்மாள்