கடல் வாரத்தில் வந்த அம்மாவுக்கு

இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் காட்டவே காட்டாதீர்கள். படித்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

என் ஆசை அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று கடிதம் தொடங்கப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருக்கிறார்கள். உன்னிடம் நலம் கேட்கலாமா? நேற்று வரைக்கும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை. நேற்று உன்னைப் பார்த்துவிட்டேன். கனவில் இல்லை அம்மா, டிவியில்.

முதலில் வீட்டு விஷயம் சொல்கிறேன். நான் இப்போது பத்தாவது. நெல்லித்தோப்பில் நம் தெருவில் யார் வீட்டுப் பிள்ளை பத்தாவது வந்தாலும் அந்த வீட்டில் கேபிளை வெட்டிவிடுவார்கள். அப்பாவும் ஜூன் மாதமே வயரைக் கழற்றிச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டார். "நீங்க மட்டுமாவது பாருங்கப்பா" என்றேன். "நீ பாக்காம நான் பாத்தா அது நியாயமா?" என்று கேட்டார். வேலை பார்த்த மில் மூடிய பிறகு அவர் ஒரு குடோனில் வாட்ச்மேன். வேலை முடிந்து வந்து, சோற்றுத் தட்டோடு பழைய படம் பார்ப்பது ஒன்றுதான் அவருக்கு இருந்த சுகம். அதையும் எனக்காக விட்டார்.

நான் விடவில்லை. அதுதான் என் பயம். கணக்குக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று அவரிடம் சொல்லிவிட்டு, இந்த வாரம் முழுக்கப் பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவிடம் போனேன். அக்கா ரவிக்கை தைக்கிறவர். தையல் மிஷினுக்கு நேராக டிவி வைத்திருக்கிறார்.

"உங்கப்பா எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினு போயிருக்காரு. இன்னாடி பண்றது?"

"நான் கொக்கி வெச்சித் தரேன்க்கா."

"கொக்கி வை. கண்ணு அந்தாண்ட போனா நான் பொறுப்பில்ல."

ஒரு சேனலில் 'கடல் வாரம்' போட்டார்கள். கடல் வருகிற பழைய படங்களாகப் பார்த்து, தினம் சாயங்காலம் ஒன்று. தலை நிறையப் பூ வைத்த ஓர் அம்மாள் வந்து, இந்தப் படத்தில் கடல் எங்கே வருகிறது, எந்த ஊர்க் கடல் என்று சொல்வார். அதற்குப் பிறகுதான் படம். கறுப்பு வெள்ளையில் கடலைப் பார்த்திருக்கிறாயா? நுரை மட்டும் வெள்ளை, மற்றதெல்லாம் மை. நான் விரலில் ஊசி குத்திக்கொண்டதுகூடத் தெரியாமல் பார்த்தேன்.

நேற்று அந்த அம்மாள், "இன்றைய படத்தில் புதுச்சேரிக் கடற்கரை" என்றார். நான் கொக்கியைக் கீழே வைத்துவிட்டேன்.

நீ சினிமாவில் வந்த கதையைப் பெரியம்மா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். உனக்கு அப்போது எட்டு வயது. குருசுக்குப்பத்திலிருந்து உன் அப்பாவுக்குத் தூக்குச்சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாய். பீச் ரோட்டில் ஷூட்டிங். யாரோ உன்னைப் பிடித்து முன் வரிசையில் நிறுத்தி, "கார் வந்ததும் எல்லாரும் கை தட்டணும், அந்தக் கேமராப் பெட்டிய மட்டும் யாரும் பாக்கக் கூடாது" என்றார்கள். நீ பார்த்துவிட்டாய். கஞ்சி ஆறிப்போய் வீட்டில் அடி வாங்கினாய். படம் பேர் தெரியாது, நடித்தவர் யாரென்றும் தெரியாது. வளர்ந்த பிறகும் நீ அதைச் சொல்லிக்கொண்டே இருப்பாயாம். ஒருவரும் நம்பவில்லை. அப்பாதான் ரொம்பக் கிண்டல் செய்வாராம். "நீ வந்த ரீல மட்டும் வெட்டி மீனு கட்டக் குடுத்துட்டானுங்க."

அம்மா, வெட்டவில்லை.

வெளிநாட்டிலிருந்து திரும்பிய கதாநாயகன் காரில் நின்றபடி கையசைத்துக்கொண்டு வருகிறான். பின்னால் கலங்கரை விளக்கம், பெரிய தூண்கள். இப்போது கருங்கல் கொட்டிக் கிடக்கிற இடத்தில் மணல், அவ்வளவு மணல்! இரண்டு பக்கமும் ஜனங்கள் கை தட்டுகிறார்கள். எல்லாக் கையும் ஆடுகிறது. ஒரு சிறுமி மட்டும் தட்டவில்லை. இரண்டு கையாலும் தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கீழே ஏதோ புடவைக்கடை விளம்பரம் ஓடியதால் உன் கால் தெரியவில்லை. கார் போகிறது, எல்லாத் தலையும் காரோடு திரும்புகிறது. உன் தலை மட்டும் இந்தப் பக்கம் திரும்பி, நேராக, என்னைப் பார்த்தது.

ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். பிறகு பாட்டு வந்துவிட்டது.

நம் வீட்டில் இருப்பது உன் கல்யாணப் படம் ஒன்றுதான். அதில் நீ மணப்பெண்ணாகத் தலையைக் குனிந்திருக்கிறாய். மாலை போட்டு மாட்டியிருப்பதும் அதையே பெரிதாக்கியதுதான். நீ போனபோது எனக்கு இரண்டு வயது. உன் கண் எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. நேற்றுத் தெரிந்துகொண்டேன். நீ இமைத்தாய் அம்மா. காற்றில் முடி முகத்தில் விழ, அதை ஊதித் தள்ளினாய். முன்பல் ஒன்று இல்லை. நீ என்னைவிடச் சின்னவளாக இருந்தாய். உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. பெற்ற தாயைப் பார்த்து ஒரு பெண்ணுக்கு அப்படித் தோன்றலாமா?

நான் "அம்மா" என்று கத்திவிட்டேன் போலிருக்கிறது. மல்லிகா அக்கா மிஷினை நிறுத்திவிட்டு, "ஊசி குத்திக்கினியா?" என்று கேட்டார்.

இன்றைக்கு அக்கா வீட்டு டிவியில் புள்ளி புள்ளியாக வந்ததால் கேபிள் அண்ணன் வந்தார். அந்தப் படத்தை மறுபடியும் எப்போது போடுவார்கள் என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை படத்த ஞாயித்துக்கிழம காலையில இன்னொரு வாட்டி போடுவான். அதோட சரி, அப்புறம் எந்தக் காலத்துலயோ. ஏன் பாப்பா, உங்கப்பா கேக்கச் சொன்னாரா?"

"அப்பாவா?"

"மாசாமாசம் என் உயிர எடுப்பாரே! கடற்கரையில கும்பல் கை தட்ற படம் வந்தா சொல்லுன்னுவாரு. பேரு இன்னா சார்னா தெரியாது. கதை தெரியாது, ஆளு தெரியாது. அவரு தொல்லை தாங்காமதான் பழைய படம் போட்ற சேனலா பாத்துக் குடுத்தேன். இப்ப வந்திருக்குது, மனுசன் கேபிள வெட்டிப்புட்டாரு."

படத்தில் கடல் வந்தால் அப்பா தட்டோடு எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நிற்பார். கண் மங்கிவிட்டது என்று நினைத்து, "கண்ணாடி போடுங்கப்பா" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! அவரும் சரி சரி என்பார். ஒரு தடவைகூடக் காரணம் சொன்னதில்லை. உன்னைக் கிண்டல் செய்த மனுஷன், நீ போன பிறகு ஒவ்வொரு ராத்திரியும் உன்னைத் தேடியிருக்கிறார். என் பரீட்சைக்காக அந்தத் தேடலையும் நிறுத்தியிருக்கிறார். அந்த வருஷம் பார்த்து நீ வருகிறாய். இதை யார் இப்படி ஏற்பாடு செய்கிறார்கள்?

நாளைக் காலையில் படம். அப்பாவுக்கு நாளை லீவு.

சொன்னால், நான் எங்கே பார்த்தேன் என்று கேட்பார். அவர் அடிக்கமாட்டார். பேசாமல் இருந்துவிடுவார். காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் கோட்டைவிட்டபோது அப்படித்தான் இருந்தார். வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் பேசாவிட்டால் வீடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அவர் பார்த்துவிட்டு, "இது அவ இல்லம்மா" என்று சொல்லிவிட்டால்? பெரியம்மா மகனோடு காரைக்காலுக்குப் போய்விட்டார். இந்த ஊரில் உன் கண்ணை நேரில் கண்டவர் எனக்குத் தெரிந்து அப்பா ஒருவர்தான். சொல்லாமல் இருந்தால் நேற்றுப் பார்த்த நீ எனக்கு என்றைக்கும் நீயாகவே இருப்பாய். ஆனால் அவருக்கு நீ கிடைக்கவே மாட்டாய். இனி எப்போது போடுவார்கள், அதுவரை யார் இருப்போம்?

அடுத்த அறையில் பாய் சரசரக்கும் சத்தம் கேட்கிறது. எழுந்துவிட்டார். விளக்கை அணைக்கவா? அடுப்படியில் பாத்திரம் உருள்கிறது.

கதவைத் தட்டுகிறார்.

"கண்ணு, இன்னுமா படிக்கிற? போதும்மா, கண்ணு கெட்டுடும். பாலு சுட வெச்சிருக்கேன், குடிச்சிட்டுப் படு."

நான் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், அம்மா.

சொல்லிவிடுகிறேன். கதவைத் திறந்ததும், அந்த டம்ளரைக் கையில் வாங்குவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். உன்மேல் சத்தியம். பேசாமல் போனாலும் போகட்டும், நாளைக்கு அவரை உன் எதிரில் கொண்டுவந்து

மறுபடியும் தட்டுகிறார். வரேன்ப்பா.

உன் மகள்